கடைசிப் பக்கத்து வரி

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் நன்றாகவே பிழைத்துக்கொண்டேன். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்து இறங்கிய வசந்தாமணிக்கு இங்கிலீஷும் தெரியாது, கார் ஓட்டவும் தெரியாது. வாயை வைத்தே எல்லாவற்றையும் சமாளித்தேன். நாங்கள் குடியிருக்கும் மான்மவுத் ஜங்ஷனில் யாருக்குப் பிரசவம், யாருக்குக் கிரீன் கார்டு, எந்த வீட்டுப் பையனுக்கு எந்தக் காலேஜ், எல்லாவற்றிலும் என் வாய் இருக்கும். "உன்ற வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டா இந்த ஊரே நிம்மதியா இருக்கும்" என்பார் என் வீட்டுக்காரர் கருப்பசாமி. அதை நான் ஒருநாளும் காதில் போட்டுக்கொண்டதில்லை. போட்டுக்கொண்டிருந்தால் சுலைகாவுக்கு அவளுடைய வாப்பா கிடைத்திருப்பார்.

சுலைகா எங்கள் வரிசையில் நான்காவது டவுன்ஹவுஸ். காயல்பட்டினத்துப் பெண். பக்கத்தில் ஒரு டேகேரில் வேலை. கணவன் யாசினுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் ஐ.டி. வேலை. ஒரே மகள் பர்வின். முதல் தடவை என் வீட்டுக்கு வந்தபோது கையில் ஒரு டப்பா வைத்திருந்தாள். சேப்பங்கிழங்கு இலையைத் தேங்காய்ப்பாலில் குழையக் குழைய வேகவைத்தது. ருசியென்றால் அப்படி ஒரு ருசி. "இது காயல்பட்டினத்துச் சமையலா கண்ணு?" என்று கேட்டேன். "இல்லக்கா, நான் பொறந்த ஊர்ச் சமையல். சமோவா" என்றாள். அப்படி ஓர் ஊர் உலகத்தில் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அவளுடைய வாப்பா ஜைனுதீன் கப்பலில் இஞ்சின் வேலை பார்த்தவர். பசிபிக் கடலின் நடுவில் அமெரிக்கக் கொடி பறக்கும் ஒரு சின்னத் தீவுக்கூட்டம் இருக்கிறது, அமெரிக்கன் சமோவா. அங்கே பாகோ பாகோ துறைமுகத்தில், சூரை மீனை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில், குளிர்பதன மிஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. கப்பலை விட்டு இறங்கிவிட்டார். மனைவியையும் வரவழைத்துக்கொண்டார். சுலைகா 1981-ல் அங்கே பிறந்தாள், பதினான்கு வயது வரை அங்கேயே வளர்ந்தாள். அவள் சண்டை போட்ட பாஷையும் சிரித்த பாஷையும் சமோவன்தான். இப்போதும் டேகேரில் குழந்தைகளைத் தூங்க வைக்க அந்தப் பாஷையில்தான் முணுமுணுப்பாள். அவள் வாப்பா கைலி கட்டுவார், அந்த ஊர் ஆண்களும் கைலி மாதிரியே ஒன்றைக் கட்டுவார்களாம். தூரத்தில் இருந்து பார்த்தால் யார் எவரென்று தெரியாது என்று சொல்லிச் சிரிப்பாள்.

அவள் சொன்னதிலேயே எனக்கு மறக்காதது ஒன்று. பொழுது சாய்கிற நேரத்தில் அந்த ஊரில் சங்கு ஊதுவார்களாம். ஊதியதும் எல்லா வீட்டிலும் பிரார்த்தனை. "அவங்க எல்லாம் கிறிஸ்தவங்க, நாங்க முஸ்லிம். ஆனா மஃரிப் தொழுகைக்கும் அதே நேரம்தான்க்கா. ரோட்ல நடக்கிறவங்க நின்ன எடத்துலயே நின்னுடுவாங்க. ஒரு சத்தம் இருக்காது. உள்ள வாப்பா தொழுவாங்க. எங்க வாப்பாவுக்காகத்தான் ஊரே நிக்குதுன்னு நான் ரொம்ப நாள் நெனச்சிட்டு இருந்தேன்" என்றாள்.

"நானெல்லாம் அந்த ஊர்ல இருந்திருந்தா மொதல் நாளே தொரத்தி உட்ருப்பாங்க. கால் மணி நேரம் கம்முனு நிக்கறதாவது!" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

காயல்பட்டினத்துக்குத் திரும்பியபோது அவளுக்குத் தமிழ் தடுமாறியது. பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் தீவுக்காரி என்று பெயர். தீவில் இருந்தவரை அங்கிருந்தவர்கள் 'இந்தியாக்காரப் பிள்ளை' என்றார்கள். ஆனால் வாப்பா கிளம்பும்முன் ஒரு காரியம் செய்திருந்தார், மகளுக்கு நீல நிற அமெரிக்க பாஸ்போர்ட் வாங்கி பீரோவில் பத்திரமாக வைத்திருந்தார். "எவன் என்ன சொன்னாலும் நீ அமெரிக்காக்காரிம்மா" என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார். யாசினைக் கட்டிக்கொண்டு அவள் இங்கே வந்தபோது எங்கள் கூட்டமே வயிறெரிந்தது. நாங்கள் ஹெச்-ஒன் விசாவில் வந்து கிரீன் கார்டு வரிசையில் வருஷக்கணக்காகக் கால் கடுக்க நின்றவர்கள். இவள் பிறந்த அன்றைக்கே ஜெயித்துவிட்டாள் என்று எல்லாரும் பேசினோம். சரி, முதலில் பேசியது நான்தான்.

2018 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க நாங்கள் நாலைந்து பேர் நூலகத்து வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தோம். நான் சிட்டிசன் ஆகி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. புதுப் பணக்காரி நகை போட்டுக்கொண்டு திரிகிற மாதிரி நான் அந்தச் சிட்டிசன்ஷிப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்த காலம் அது. சுலைகா பர்வினுக்குப் புத்தகம் எடுக்க வந்தாள். விடுவேனா?

"ஏங்கண்ணு, நீ பொறப்புலயே அமெரிக்காக்காரி. இத்தனை வருஷமா ஓட்டுப் போடாம இருக்கறியே, வெக்கமா இல்ல?" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

அவள் ஃபார்மைப் படித்தாள். நிதானமாகத்தான் படித்தாள். பிறகு, "அக்கா, ஒரு நிமிஷம்" என்று காருக்குப் போய்க் கைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து வந்தாள். பிறந்தது தீவில் என்பதால் எங்கே போனாலும் அதைக் கைப்பையிலேயே வைத்திருப்பாள், யாராவது கேட்பார்கள் என்று. கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் நீட்டினாள்.

"இதுல ஏதோ ஒரு வரி இருக்குக்கா. நேஷனல்னு போட்டிருக்கு. வாப்பா அது சும்மா ஒரு முத்திரைன்னுதான் சொல்வாங்க. இதனால ஒண்ணும் பிரச்சனை இல்லையே?"

என் கண்ணாடி வீட்டில் இருந்தது. பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். நான் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் சொல்ல முடியும், படிக்கவில்லை.

"அட, ஸ்டாம்பு சாமி! என்ற பாஸ்போர்ட்லயும் என்னென்னமோ அடிச்சிருக்குது. புக்கு நீலமா இருக்குதா? கழுகு இருக்குதா? அப்புறம் என்ன, சிட்டிசன்னு டிக் பண்ணிட்டுக் கையெழுத்தப் போடு" என்றேன்.

போட்டாள். நான் சொன்னேன் என்று போட்டாள்.

அந்த நவம்பரில் அவள் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து ஆடிய ஆட்டம் இருக்கிறதே! யாசினுக்குக் கிரீன் கார்டுதான். ஊரில் நிலம் புலம் இருக்கிறது, ஒருத்தராவது இந்திய பாஸ்போர்ட்டில் இருக்கட்டும் என்று அவர் சிட்டிசனாக மாறவே இல்லை. "நீங்க வாசல்ல நில்லுங்க, ஆளுறவங்க உள்ள போயிட்டு வர்றோம்" என்று அவரைக் கிண்டல் செய்தாளாம். ஓட்டுப் போட்டதற்கு ஒரு ஸ்டிக்கர் கொடுப்பார்கள், 'நான் வாக்களித்தேன்' என்று. அதை ஒட்டிக்கொள்ளாமல் கவரில் வைத்துக் காயல்பட்டினத்துக்கு அனுப்பினாள். அவள் வாப்பா அதைப் பள்ளிவாசலில் இருந்த கூட்டாளிகளிடம் எல்லாம் காட்டினாராம். 2020-லும் போட்டாள். 2022-லும் போட்டாள். மூன்று தடவையும் என் காரில்தான் போனோம்.

2023 ஜனவரியில் அவள் உம்மா மாரடைப்பில் மவுத்தாகிவிட்டார். சுலைகா போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. மூன்று வாரம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவள் என் சமையலறையில் உட்கார்ந்து ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னாள். வாப்பாவை இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். ஜைனுதீன் இருந்தது மனைவியின் வீடு. மனைவி போனபின் அது மகளின் வீடு. மகளோ இங்கே. "பொம்பளை இல்லாத வீட்டுல நான் என்ன உரிமையில இருக்கேன்மா? நீ இருக்கிற எடந்தான் எனக்கு வீடு" என்று போனில் சொல்லியிருக்கிறார். எழுபத்தாறு வயது, இரண்டு கண்ணிலும் பார்வை மங்கல், சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி நடு ஹாலில் பாய் போட்டுப் படுத்துக்கொள்கிறாராம். உம்மாவின் அறைக்குள் போவதே இல்லையாம்.

"இதுக்கா அழறே? நீ சிட்டிசன். அப்பாவ ஸ்பான்சர் பண்ணு. ஒரு வருஷத்துல அந்த மனுசன் இந்த சோஃபாவுல உக்காந்து என்கிட்ட வாயக் குடுத்து மாட்டிக்குவாரு பாரு" என்றேன். மறுபடியும் என் வாய்.

மனு போட்டாள். அந்த வருஷக் கடைசியில் பதில் வந்தது. பெற்றோரை அழைக்க அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே உரிமை உண்டு, நீங்கள் குடிமகள் இல்லை.

பக்கத்து ஊரான எடிசனில் ஒரு வக்கீலிடம் ஓடினார்கள் அவளும் யாசினும். அவர் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, விரலை வைத்துக் காட்டி விளக்கியிருக்கிறார். அன்று சாயங்காலம் சுலைகா அதை என்னிடம் கொண்டு வந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். இந்தப் பாஸ்போர்ட்டை வைத்திருப்பவர் அமெரிக்க நாட்டவர், அமெரிக்கக் குடிமகன் அல்லர். அவ்வளவுதான். ஒரே வரி. கொட்டை எழுத்தில் இருந்தது. கண்ணாடி இல்லாமலே படித்திருக்கலாம்.

அந்தத் தீவில் பிறந்தவர்களுக்கு மட்டும் அப்படி ஒரு நிலைமை. இந்த நாட்டுக்குச் சொந்தம், ஆனால் குடிமக்கள் கிடையாது. வரலாம், இருக்கலாம், வேலை பார்க்கலாம், பட்டாளத்தில் சேர்ந்து சாகலாம். ஓட்டுப் போட முடியாது. "இதென்ன கருமம், வெச்சுக்கிட்ட மாதிரியும் ஆச்சு, தாலி கட்டாத மாதிரியும் ஆச்சு!" என்று கத்தினேன். யார் மேல் அந்தக் கோபம் என்று எனக்கே தெரியவில்லை.

சுலைகா தன் சின்ன வயதுத் தோழி லூபேயைக் கூப்பிட்டுப் பேசினாள். பக்கத்து வீட்டுப் பெண், இப்போது கலிபோர்னியா பே ஏரியாவில் நர்ஸ். லூபேக்கு ஒரே ஆச்சரியம். இது தெரியாமலா இத்தனை வருஷம் இருந்தாய், எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியுமே என்றாளாம். அவர்களில் நிறையப் பேருக்கு அந்தக் குடியுரிமை தானாக வந்து சேர்வதில் இஷ்டமே இல்லையாம். அங்கே நிலம் குடும்பத்துக்கும் குடும்பத் தலைவனுக்கும் சொந்தம், வெளியாள் வாங்க முடியாது. குடியுரிமை வந்தால் கூடவே இந்த நாட்டுச் சட்டமெல்லாம் வரும், நிலம் காசுள்ளவன் கைக்குப் போய்விடும் என்று பெரியவர்களுக்குப் பயம். "எங்களுக்கு ஓட்டு வேணாம், மண்ணு போதும்" என்று லூபேயின் அப்பா சொல்வாராம். லூபே அப்படியில்லை, எனக்கு இரண்டும் வேண்டும் என்று அவரோடு சண்டை பிடிப்பாளாம்.

இதைச் சொல்லிவிட்டு சுலைகா மேஜைத் துணியை நீவினாள். "அவங்க சண்டையில ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குக்கா. அவங்களுக்கு ஓட்டு இல்லாட்டி மண்ணு இருக்கு. நான் அங்க பொறந்தேனே தவிர, அவங்க ரத்தம் இல்ல. எனக்கு அங்க ஒரு பிடி மண்ணு கெடையாது. ஓட்டும் கெடையாது. அவங்களுக்குப் பாதுகாப்பா இருக்கிற அதே வரி எனக்கு மட்டும் கழுத்துல சுருக்கா இருக்கு" என்றாள்.

வக்கீல் ஒரு வழி சொன்னார். சுலைகா சிட்டிசன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கலாம். பரீட்சை எழுதி, இன்டர்வியூ முடித்து, சத்தியப் பிரமாணம் எடுத்துவிட்டால் மறுநாளே வாப்பாவுக்கு மனு போடலாம். எங்களுக்கு உயிர் வந்தது. ஃபார்மை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் என் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தோம். பாதியில் ஒரு கேள்வி. நீங்கள் எப்போதாவது அமெரிக்கத் தேர்தலில் வாக்களித்திருக்கிறீர்களா?

யாசின் பேனாவை மேஜையில் வைத்துவிட்டார். "இல்லன்னு போடு சுலைகா. யாரு போய்ப் பார்க்கப் போறா?"

"நான் போட்டேனே" என்றாள்.

"போட்டதுதான் தப்புங்கிறேன்!"

"தப்பு செஞ்சேன், சரி. அதுக்கு மேல பொய்யும் சொல்லிட்டு வாப்பாவக் கூப்பிடணுமா? அந்த வீட்டுக்குள்ள வாப்பாவ எப்படி வரச் சொல்வேன்?"

ஆம் என்ற கட்டத்தில் டிக் போட்டாள். அந்த அரை மணி நேரமும் நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் வக்கீலைப் பார்க்கப் போகும்போது, "நானும் வரட்டுமா கண்ணு?" என்று கேட்டேன். "வேண்டாம்க்கா, நான் பாத்துக்கறேன்" என்றாள். வேண்டாம் என்றதும் என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. நிம்மதி. அதை இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

2024 ஆகஸ்டில் இன்டர்வியூ. பரீட்சையில் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டாள். அக்டோபரில் கடிதம் வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, குடிமகள் அல்லாதவர் வாக்களித்தது சட்டவிரோதம். கேஸ் எதுவும் போடவில்லை, அதுவரைக்கும் புண்ணியம். கடைசியாக ஓட்டுப் போட்ட நாளிலிருந்து ஐந்து வருஷம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றார் வக்கீல். அதாவது 2027 நவம்பர். ஜைனுதீனுக்கு அப்போது எண்பது நடக்கும்.

சும்மா பார்த்துவிட்டுப் போகும் விசாவிலாவது வரட்டும் என்று சென்னையில் முயன்றார்கள். மங்கலான கண்ணோடு அந்த மனுஷன் காயல்பட்டினத்திலிருந்து ரயிலேறிப் போய் வரிசையில் நின்றார். நிரந்தரமாக அழைத்துக்கொள்ள உங்கள் மகள் ஏற்கெனவே மனு போட்டிருக்கிறாரே, போனால் திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்களாம். அத்தாட்சிக்கு மனைவி இருந்திருந்தால் போதும். மறுத்துவிட்டார்கள். அந்த மனுவைப் போடச் சொன்னது யார்? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் மட்டும் அடுத்தவளைக் கெடுத்துவிட்டு வரப்பில் சவுக்கியமாக உட்கார்ந்திருந்தது.

தன் விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டதை வாப்பாவிடம் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. "பேப்பர் நடந்துக்கிட்டிருக்கு வாப்பா, எப்ப வேணா கூப்புடுவாங்க" என்று சொல்லிவிட்டாள். அவர் நம்பினார். புது பாஸ்போர்ட் எடுத்துவைத்தார். பெட்டியைக் கட்டி வாசல் பக்கம் வைத்துவிட்டார். ஒவ்வொரு வாரமும் போனில் ஒரு கேள்வி: "அங்க குளிருக்கு இந்த ஸ்வெட்டர் போதுமாம்மா?" பர்வின் ஒருநாள் எதிரில் நின்று கேட்டுவிட்டு, "மாம், யூ ஹேவ் டு டெல் ஹிம். திஸ் இஸ் க்ரூவல்" என்றாள். சுலைகா மாடிக்குப் போய்விட்டாள்.

பொய் சும்மா இருக்குமா? திரும்பிக் கடித்தது. அந்த டிசம்பரில் இரண்டு வாரம் போய் வாப்பாவைப் பார்த்துவிட்டு வந்தாள். அப்போதும் சொல்லவில்லை. 2025 ஜூனில் பர்வினின் பள்ளிப் படிப்பு முடிந்ததும் வேலையை விட்டுவிட்டுப் போய் ஆறு மாதம் வாப்பாவோடு இருப்பதென்று முடிவு செய்து டிக்கெட்டும் பார்த்தாள். போனில் சொன்னபோது அவர் பதறிவிட்டார்.

"வேண்டாம்மா! நீ இந்தப் பக்கம் வந்த நேரத்துல அவங்க கூப்புட்டாங்கன்னா? இவ்வளவு நாள் பொறுத்தாச்சு. நீ அங்கயே இரு, கேஸக் கெடுத்துடாதே. நான் வந்துடறேன்."

ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நானும் கேட்டேன். உண்மையைச் சொல்லிவிடு என்று கண்ணைக் காட்டினேன். அவள் என்னைப் பார்க்காமல் போனையே பார்த்தாள். "சரி வாப்பா" என்றாள் கடைசியில். டிக்கெட் வாங்கவில்லை.

ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி காலை பத்து மணிக்கு அவளிடமிருந்து எனக்கு போன். "அக்கா, வாங்க" என்று இரண்டே வார்த்தை. ஓடினேன். மஃரிப் தொழுகைக்கு முன்னால் கைகால் கழுவி ஒளு செய்யப் போனவர் வராந்தாவில் சரிந்து விழுந்திருக்கிறார். வாசலில் இருந்த பெட்டி தடுக்கியதா, நெஞ்சுவலியா, யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்கும்போது உயிர் இல்லை. அங்கே பொழுது விடிந்ததும் அடக்கம் செய்துவிட வேண்டும், ஒருநாளுக்கு மேல் வைக்க மாட்டார்கள். இங்கிருந்து எந்த விமானம் பிடித்தாலும் போய்ச் சேர முடியாது. அவளுடைய மச்சான் ஒருவர் அன்று ராத்திரி போனில் வீடியோ காட்டினார். மையத்தை, அவள் வாப்பாவின் உடலை, தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது படம் ஆடியது. ஓரத்தில் ஒரு நொடி அந்தப் பெட்டி தெரிந்தது. சுலைகா போனைத் தரையில் வைத்துவிட்டு அதன் மேல் குனிந்து, "வாப்பா, நான் பொய் சொல்லிட்டேன் வாப்பா, பொய் சொல்லிட்டேன்" என்று கத்தினாள். யாசின் அவளைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. நானும் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

காயல்பட்டினத்துக்குப் போய், நாற்பதாவது நாள் துஆ ஓதி முடித்துவிட்டுத் திரும்பி வந்தாள். வந்த மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு ஃபைலோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, உங்க வீட்டுல பேப்பர் கிழிக்கிற மிஷின் இருக்குல்ல? இதையெல்லாம் போட்டுடுங்க. எனக்குப் பார்க்க முடியல."

"2027-ல மறுபடி அப்ளை பண்ணலாமே கண்ணு" என்றேன்.

"யாருக்காக?"

ஃபைலின் மேலே ஜைனுதீனின் புது பாஸ்போர்ட் இருந்தது. எந்த முத்திரையும் விழாத பாஸ்போர்ட். அட்டையின் உள்பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. 'நான் வாக்களித்தேன்.' ஏழு வருஷத்தில் ஓரமெல்லாம் மஞ்சளாகிவிட்டது. "இத மட்டும் நான் வெச்சுக்கறேன்" என்று பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டாள்.

பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு தாளாக எடுத்துப் படித்தேன். கிழிக்கும் முன்னால் ஒரு தடவையாவது படிக்க வேண்டும் என்று தோன்றியது. நிராகரிப்புக் கடிதம் மூன்று பக்கம். இரண்டாம் பக்கத்தின் நடுவில் இன்டர்வியூவில் கேட்டதும் சொன்னதும் இருந்தன. வாக்களிக்கலாம் என்று உங்களிடம் யாராவது சொன்னார்களா என்று விண்ணப்பதாரரிடம் கேட்கப்பட்டது. யாரும் சொல்லவில்லை, நானாகவே அப்படி நினைத்துக்கொண்டேன் என்று விண்ணப்பதாரர் கூறினார்.

கடிதத்தை அவள் முன்னால் நீட்டினேன். "இதென்ன கண்ணு? நாந்தானே சொன்னேன்? நீ கேட்டியே, அந்த வரியக் காட்டி என்கிட்டக் கேட்டியே! சொல்லியிருந்தா?"

"வக்கீலும் அதத்தான் சொன்னாரு. யார் சொன்னாங்கன்னு பேரு குடுத்தா, ஏமாந்து போட்டதுன்னு எடுத்துக்கலாம், ஒருவேளை மன்னிச்சு விட்டுடுவாங்கன்னாரு."

"அப்புறம் ஏன் சாமி சொல்லல?"

"உங்க வீட்டுக்கு யாராச்சும் வந்து, உங்க சிட்டிசன்ஷிப்புல கைய வெச்சுட்டாங்கன்னா? எனக்குப் பயமா இருந்துச்சுக்கா." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தீவுல செத்தவங்கள வீட்டு வாசல்லயே அடக்கம் பண்ணுவாங்க. யாரும் தனியா இருக்க மாட்டாங்க. எனக்கு அங்கயும் யாரும் இல்ல, காயல்லயும் இனிமே யாரும் இல்ல. இங்க பர்வினையும் அவ வாப்பாவையும் விட்டா நீங்க ஒருத்திதான் இருக்கீங்க. உங்களயும் காட்டிக் குடுத்துட்டு நான் யாரோட இருப்பேன்?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் போனில் பாங்கு ஒலித்தது. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் குறைந்திருந்தது. "அக்கா, மஃரிப். இங்கயே தொழுதுக்கவா?" என்று கேட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, என் ஹாலில் ஒரு துண்டை விரித்து நின்றாள். நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கையில் அந்தக் கடிதம். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, கருகுகிற வாசனையும் வந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.